எத்தனை தடவை?



உடற்பயிற்சிக் கூடத்திற்குப் புதிதாக வரும் இளைஞர் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "ஐயா, இந்தப் பளுவை எத்தனை தடவை தூக்க வேண்டும்?" என்பதே அது. கேள்வி சிறிது, அதற்குக் கிடைக்கும் விடைகளோ பல. "6 தடவைக்கு மேல் தூக்காதே" என்பார் ஒருவர். "8-க்குக் கீழும் 12-க்கு மேலும் செல்வது வீண்" என்பார் மற்றொருவர். "30 தடவை தூக்கினால் உடல் மெலியுமேயன்றித் தசை வளராது" என்பார் வேறொருவர். இவற்றைக் கேட்டு மயங்கிய இளைஞருள் சிலர், தம் வலிமைக்கு மிஞ்சிய பளுவைத் தூக்கி முதுகை வருத்திக்கொள்கின்றனர். வேறு சிலர், கனத்த பளு தம்மிடம் இல்லையே என்று பயிற்சியையே கைவிடுகின்றனர். இரண்டும் தவிர்க்கத்தக்க இழப்புகள். ஆகவே, இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை உண்டு, நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது ஆகிய மூன்றையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

10 என்னும் எண் பெருவழக்குப் பெற்றதில் ஒரு மருத்துவமனைக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். முழங்காலில் காயமுற்ற வீரர் பலர் அங்கே சிகிச்சை பெற்றனர். நலிந்த காலுக்கு இலேசான பளுவைக் கொடுத்துப் பன்முறை அசைக்கச் செய்வதே அந்நாளைய மருத்துவ வழக்கம். டிலார்மோ தம் இளமையில் மூட்டுவாதக் காய்ச்சலால் நலிந்து, பின்னர்ப் பளுப்பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டவர். நலிந்த தசையும் கனத்த பளுவைத் தாங்கியே வலுப்பெறும் என்று அவர் துணிந்தார். அதன் பயனை 1945-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

இடைவிடாமல் தூக்கும் ஒரு தொடரை நாம் 'சுற்று' என்று கூறுவோம். டிலார்ம் முதலில் விதித்தது, சுற்றுக்கு 10 தடவையாக 7 முதல் 10 சுற்றுகள். 1948-ல் அவரும் ஆர்தர் வாட்கின்ஸ் என்பாரும் அதனை 3 சுற்றுகளாகக் குறைத்தனர். ஒருவர் 10 தடவை தூக்கி, 11-ஆம் தடவை தூக்க இயலாத பளு 40 கிலோ என்று கொள்வோம். முதற் சுற்றில் அதன் பாதியான 20 கிலோ. இரண்டாவதில் முக்காற்பங்கான 30 கிலோ. மூன்றாவதில் முழுமையான 40 கிலோ. வாரந்தோறும் அந்த எல்லையை மீண்டும் அளந்து, வலிமை ஏற ஏறப் பளுவையும் ஏற்றினர். இங்கே நீங்கள் கருத வேண்டியது ஒன்று. 10 என்பது அவர்களுக்கு ஓர் அளவுகோலாக விளங்கிற்று. நோயாளியின் காலை வளர்த்தவை, எல்லையை நெருங்கிய முயற்சியும், படிப்படியாக ஏறிய பளுவுமே ஆகும். அளவுகோலை நினைவில் வைத்துக்கொண்ட பின்வந்தோர் பலர், அளக்கப்பட்ட பொருளை மறந்துவிட்டனர்.

தசை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். தசை எண்ணற்ற இழைகளால் ஆனது. ஒவ்வொரு நரம்பணுவும் அவ்விழைகளின் ஒரு கூட்டத்தை ஆள்கிறது. சிறிய நரம்பணுக்கள் முதலிலும், பெரியவை பின்னரும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஹென்னமன் 1957-லும் 1965-லும் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கினார். நம் ஊர்த் தேரோட்டத்தை எண்ணிப் பாருங்கள். சமதரையில் சிலர் வடம் பிடித்தாலே தேர் நகரும். மேட்டில் ஏறும்போது எல்லாரும் கைகொடுக்க வேண்டும். சமதரையிலுங்கூட, முதலில் இழுத்தவர்கள் களைத்த பின்னர், நின்றவர்களும் வந்து வடத்தைப் பற்றத்தான் வேண்டும். கனத்த பளு மேட்டைப் போன்றது. அது தொடக்கத்திலேயே பெரும்பாலான இழைகளை அழைத்துவிடுகிறது. இலேசான பளுவிலோ, களைப்பு மிகும் இறுதித் தடவைகளில்தான் பெரிய இழைகள் வேலைக்கு வருகின்றன. அந்த இறுதித் தடவைகளுக்கு முன்னரே நிறுத்திவிட்டவர், வளரவேண்டிய இழைகளை அழைக்காமலே வீடு திரும்புகிறார்.

இக்கருத்தை அண்மைக்கால ஆய்வுகள் சோதித்துப் பார்த்துள்ளன. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இளைஞர்களின் கால்கள் 10 வாரங்கள் பயிற்றப்பட்டன. ஒருமுறை மட்டுமே தூக்கக்கூடிய உச்சப் பளுவில் நூற்றுக்கு 80 பங்கு ஒரு முறைக்கு. நூற்றுக்கு 30 பங்கே மற்றொரு முறைக்கு. இரண்டிலும் இனி இயலாது என்னுமளவும் தூக்கினர். தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பயிற்சியில் பழகிய 49 ஆடவரைக் கொண்டு அதே பல்கலைக்கழகத்தார் 2016-ல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். 12 வாரங்களில், சுற்றுக்கு 8 முதல் 12 தடவை தூக்கியவர்களுக்கும், 20 முதல் 25 தடவை தூக்கியவர்களுக்கும் தசை ஒத்த அளவிலேயே வளர்ந்தது.

அப்படியாயின் எந்த எண்ணும் ஒன்றுதானா? இல்லை, மூன்று வரம்புகளை நீங்கள் அறிய வேண்டும். முதலாவது, இலேசுக்கும் ஓர் எல்லை உண்டு. பிரேசில் நாட்டார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உச்சப் பளுவில் 40, 60, 80 பங்குகள் ஒத்த வளர்ச்சியை அளித்தன; 20 பங்கு அளித்ததோ அதில் ஏறத்தாழப் பாதியே. இரண்டாவது, தசையின் பருமனும் உச்ச வலிமையும் ஒன்றல்ல. மிகக் கனத்த பளுவை ஒருமுறை தூக்கும் ஆற்றல் வேண்டுவோர், கனத்த பளுவிலேயே பழக வேண்டும். மூன்றாவது, காலமும் மூட்டுகளும். அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபீல்டும் அவர்தம் துணைவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் 3 தடவை வீதம் 7 சுற்றுகளும், மற்றொரு சாரார் 10 தடவை வீதம் 3 சுற்றுகளும் செய்தனர். தசை வளர்ச்சி ஒத்திருந்தது. ஆனால் முதற் சாராருக்கு ஒரு நாள் பயிற்சி முடிய ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று; மற்றவருக்குச் சுமார் 17 நிமிடங்களே போதுமாயின. நடுத்தர எண்ணிக்கையின் உண்மையான சிறப்பு இதுதான்: அதில் மாயம் எதுவும் இல்லை, வசதி உண்டு.

ஆகவே உங்களுக்கு நான் கூறுவது இது. புதிதாகத் தொடங்குவோர் முதற் சில வாரங்கள் 10 முதல் 15 தடவை தூக்கக்கூடிய பளுவை எடுத்துக்கொண்டு, பழுதில்லாமல் தூக்கும் முறையைக் கற்க வேண்டும். பின்னர், தோளில் பளுவேந்தி உட்கார்ந்தெழுதல், மல்லாந்து கிடந்து பளுவை உயர்த்தல் போன்ற பெரும்பயிற்சிகளுக்கு 6 முதல் 10 தடவையும், புயத்தையும் தோளையும் தனியே பயிற்றும் சிறுபயிற்சிகளுக்கு 10 முதல் 20 தடவையும் தகும். இன்னும் ஒன்றிரண்டு தடவையே இயலும் என்ற நிலையில் சுற்றை நிறுத்துங்கள். அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுங்கள். மேல் எல்லையை எல்லாச் சுற்றுகளிலும் எட்டியதும், பளுவைச் சிறிதே கூட்டிக் கீழ் எல்லையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். உணவும் உறக்கமும் குறைந்தால் எந்த எண்ணும் கைகொடாது என்பதையும் மறவாதீர்கள்.

விடுதியில் தங்கிப் பயின்ற மாணவர் ஒருவரிடம் இருந்தவை மணல் நிரப்பிய இரண்டு பைகள் மட்டுமே. "இவற்றை வைத்துக்கொண்டு என்ன பயன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். 25 தடவைக்கு மேல் இயலாது என்று கை சொல்லும்வரை தூக்குமாறும், இயலும்போது மணலைக் கூட்டுமாறும் கூறினேன். ஓராண்டின் முடிவில் அவர் சட்டைகளின் கை இறுகிவிட்டது. தண்டாலும் பஸ்கியும் இவ்விதிக்கு உட்பட்டவையே. 50 தண்டால் எளிதாகிவிட்டதென்றால், காலை உயரமான இடத்தில் வைத்து 15 தண்டால் எடுத்துப் பாருங்கள்.

நாளை பயிற்சிக்குச் செல்லும்போது ஒரு சிறு குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். எவ்வளவு பளு, எத்தனை தடவை, இன்னும் எத்தனை இயன்றிருக்கும் என்ற மூன்றையும் அன்றன்றே எழுதி வாருங்கள். இரண்டு திங்கள் கழித்து அந்த ஏட்டைப் புரட்டினால், எத்தனை தடவை தூக்க வேண்டும் என்பதற்கு உங்கள் உடலுக்குரிய விடை அதில் இருக்கும்.