நடுவானில் இயந்திரக் கோளாறு

சிலாவத்துறைக் கடலில் வள்ளத்தின் இயந்திரம் நின்றுவிட்டால், வள்ளம் நீரோட்டத்தில் அடிபட்டுப் போகாதபடி நங்கூரம் இறக்கிவிட்டுக் கோளாறு யாதெனத் தேடலாம். ஆகாய விமானத்துக்கு நங்கூரம் இல்லை. பறந்துகொண்டே பழுதைச் சமாளிக்க வேண்டும். ஆயினும் நெறி ஒன்றே: முதலில் கலத்தைக் காத்தல், பின்னர் காரணத்தை ஆராய்தல்.

இயந்திரம் ஒன்று நின்றால் விமானம் கல்லைப் போல் வீழ்ந்துவிடும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருந்தாது. இரண்டு இயந்திரங்கள் பூண்ட பயணிகள் ஜெட் விமானம், தரையை விட்டு எழும் வேளையில் ஒன்றை இழப்பினும், மற்றதன் வலியால் மேலேறுமாறு அமைக்கப்படுகிறது. ஒருபக்கத்து உந்துவிசை குன்றுவதால் விமானத்தின் மூக்கு அப்பக்கமாகத் திரும்ப முயலும். விமானி காலால் மிதித்து, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி, அதனை நேரே நிறுத்துவார். பாதுகாப்பான உயரத்தை எய்திய பின், பழுதுற்றது எந்த இயந்திரம் என்பதை இரு விமானிகளும் கருவிகளைப் பார்த்து உறுதிசெய்வர். அதன் பின்னரே எரிபொருளை நிறுத்துவர். தீப் பற்றியிருப்பின் அணைப்பர்.

இவ்வுறுதிப்பாடு தவறினால் நேரும் கேட்டை 1989 ஜனவரி 8ஆம் நாள் காட்டியது. லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நகருக்குச் சென்ற போயிங் விமானத்தில் இடப்பக்க இயந்திரத்தின் விசிறி அலகு ஒன்று முறிந்தது. விமானிகளோ வலப்பக்க இயந்திரத்தை நிறுத்தினர். அவ்வேளை அதிர்வும் தணிந்தமையால் தம் செயல் சரியே என எண்ணினர். வலப்பக்க இயந்திரம் பற்றித் தலைமை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இடப்பக்கத்தில் தீயைக் கண்டிருந்த பயணிகள் சிலர் ஐயுற்றனர். எனினும் அச்செய்தி விமானிகளை எட்டவில்லை. இறங்கும் தறுவாயில் பழுதுற்ற இயந்திரமும் ஓய்ந்தது. கெக்வர்த் என்னும் ஊருக்கு அருகே விமானம் வீழ்ந்து, 126 பேருள் 47 பேர் மாண்டனர்.

இதற்கு மாறானது 2010 நவம்பர் 4ஆம் நாள் நிகழ்ந்தது. 469 பேருடன் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் விமானத்தின் இரண்டாம் இயந்திரம், பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதறியது. உலோகத் துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளை அறுத்து, எரிபொருள் தொட்டியையும் ஊறுபடுத்தின. எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி, கெட்டவை எவை என எண்ணி மலைப்பதை விடுத்து, இன்னும் இயங்குபவை எவை எனக் கணக்கிட்டார். விமானி அறையில் இருந்த ஐவரும் பணியைப் பகிர்ந்துகொண்டனர். அவசரப்படாது வானில் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் சிங்கப்பூரிலேயே தரையிறங்கினர். நான்கு டயர்கள் வெடித்தன, எரிபொருள் ஒழுகியது, முதலாம் இயந்திரம் நிறுத்தியும் நிற்கவில்லை. ஆயினும் எவருக்கும் காயம் இல்லை.

இரண்டையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை விளங்கும். விரைவாகச் செயற்படுதல் திறமையன்று. சரியெனத் தேர்ந்து செயற்படுதலே திறமை. தலைவனுக்குப் பொறுமை வேண்டும். அருகிருப்போருக்குக் கண்டதைக் கூறும் துணிவு வேண்டும். இவ்விரண்டும் கூடுமிடத்தே உயிர்கள் காக்கப்படும்.