உயிர் காக்கும் சொல்லும் எழுத்தும்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இடர் நேரும்போது நாம் அழைக்கும் எண் 108. அந்த ஊர்தியில் வருவோரின் சொல்லையும் எழுத்தையும் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விழைகின்றேன். தமிழாசிரியராக வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு ஆம்புலன்சில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். ஊசி போடுவதும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் என் துறையல்ல. ஆனால் அப்பணியாளர் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் வாயைத் திறந்து வினவுகின்றார். விடைக்குப் பொருள் கொள்கின்றார். கொண்ட பொருளைத் தாளில் எழுதுகின்றார். வினாவும் விடையும் பொருள்கோளும் எழுத்தும் தமிழாசிரியரின் துறையே அன்றோ?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுக்கின்றது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவர் என்பன அவை. நான்காம் இடத்தில் நிற்பவரை ஏவலாள் என்று வள்ளுவர் ஒதுக்கவில்லை; மருத்துவருக்கு நிகராக எண்ணினார். அந்த நான்காம் இடத்தில் இன்று சாலையிலும் வயல்வெளியிலும் வீட்டு வாசலிலும் வந்து நிற்பவர்களே அவசர ஊர்தியின் மருத்துவ உதவியாளர்கள்.

108 சேவை 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐதராபாத்தில் தொடங்கிற்று. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழகத்திற்கு வந்தது. ஊர்தியில் வழக்கமாக வருவோர் இருவர்: ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். நோயாளி விழுந்து கிடந்த நிலையை மருத்துவமனையில் காத்திருக்கும் மருத்துவர் கண்டிலர். வழியில் நிகழ்ந்த மாற்றங்களையும் கண்டிலர். அவருக்கு அவற்றைக் காட்டும் கண் உதவியாளரின் சொல்லும் எழுத்துமே. அக்கண் பழுதுபட்டால் சிகிச்சையும் பழுதுபடும். நான் சொல்ல வந்த செய்தி இதுவே: சரியாகக் கேட்ட சொல்லும் சரியாக எழுதிய வரியும் சிகிச்சைக்குத் துணை மட்டும் அல்ல, அவையே சிகிச்சையின் ஒரு பகுதி.

முதலில் கேட்டலைப் பார்ப்போம். நம் மக்கள் நோயைச் சொல்லும் சொற்கள் வளமானவை; ஆனால் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ‘மயக்கம்’ என்கின்றோம். தலைசுற்றலும் மயக்கம், கண் இருண்டு சாய்தலும் மயக்கம், தட்டியெழுப்பியும் எழாத நினைவிழப்பும் மயக்கம். ‘இழுப்பு’ என்பது ஒரு வீட்டில் மூச்சிரைப்பைக் குறிக்கும். மறு வீட்டில் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பைக் குறிக்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. நெஞ்சில் பாரமும் இடத்தோளில் வலியும் வியர்வையும் தோன்றிய முதியவர் ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கேட்பார். அது மாரடைப்பாக இருக்கலாம். ஆகவே பயிற்சி பெற்ற உதவியாளர் நோயின் பெயரோடு அமைவதில்லை. “மயக்கம் என்கிறீர்களே, கூப்பிட்டால் பதில் சொன்னாரா? கண்ணைத் திறந்தாரா? எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்?” என்று உடைத்துக் கேட்பார். வினாவைத் துருவுதல் ஐயத்தால் அன்று, அக்கறையால் என்பதை நாம் உணர்ந்து, சினவாமல் விடை சொல்ல வேண்டும்.

கேட்கும் முறையும் ஒரு மருந்து. “ஐயா, நான் ஆம்புலன்சிலிருந்து வருகிறேன். உங்கள் கையில் நாடி பார்க்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடுவதற்கும், சொல்லாமல் கையைப் பற்றுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! நினைவின்றிக் கிடப்பவரிடமும் அவ்வாறே சொல்லிச் செய்ய வேண்டும் என்பது பயிற்சியில் கற்பிக்கப்படும் ஒழுக்கம். ‘ஒன்றுமில்லை, சரியாகிவிடும்’ என்ற பொய்யாறுதலும் வேண்டா. ‘பிழைப்பது கடினம்’ என்ற கடுஞ்சொல்லும் வேண்டா. ‘மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், நான் உங்கள் அருகிலேயே இருக்கிறேன்’ என்பது மெய்யும் ஆகும், இனிமையும் ஆகும்.

அடுத்தது காலம். பக்கவாத நோயை எடுத்துக்கொள்வோம். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கத் தக்கது என்பது பொதுவான நெறி. காலம் கடந்து கொடுத்தால் பயன் குறையும். மூளைக்குள் இரத்தம் கசியும் இடர் மிகும். தனியே வாழும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒருபுறம் கைகால் விளங்காமல், பேச்சுக் குழறிக் கிடக்கின்றார். ஓடி வந்த உறவினர், “ராத்திரியிலிருந்தே முடியவில்லை போலிருக்கிறது” என்கின்றார். அச்சொல்லை அப்படியே எழுதினால், காலம் கடந்த நோயாளி என்று கருதி அம்மருந்து மறுக்கப்படலாம். உதவியாளர் நிறுத்திக் கேட்கின்றார்: “இவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தவர் யார்? எத்தனை மணிக்கு?” அப்போது பால்காரர் முன்வருகின்றார். ஐந்தே கால் மணிக்கு அந்த அம்மா வாசல் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருந்தார், தம்மோடு நன்றாகப் பேசினார் என்கின்றார். ‘கடைசியாக நலமாகக் கண்ட நேரம் 5.15, கண்டவர் பால்காரர்’ என்ற ஒரு வரி அப்பாட்டியின் வலக்கையை மீட்டுத் தரலாம். மாறாக, இரவு 9.30 மணிக்கு உறங்கச் சென்றவரைக் காலை ஆறு மணிக்கே பார்த்தனர் என்றால், எழுத வேண்டிய நேரம் ஆறு அன்று, 9.30 தான். ‘விடியற்காலையில்’, ‘சற்று முன்னர்’ என்னும் சொற்கள் கதைக்கு அழகு. மருத்துவக் குறிப்புக்கு உதவா. பாம்புக் கடிக்கும் இதுவே விதி. கடித்த நேரம், இமை தொங்கத் தொடங்கிய நேரம் இரண்டும் வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒப்படைத்தல். மருத்துவமனை வாயிலில் உதவியாளர் தம் நோயாளியை மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லால் ஒப்படைக்கின்றார். அதற்கு ஒரு நிமிடமே கிடைக்கும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிப் பின்னர் மருத்துவமனைகளில் பரவிய ஒரு முறை இதற்கு உதவுகின்றது. இப்போதைய நிலை, அதன் பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள் என்ற நான்கையும் இவ்வரிசையிலேயே சொல்லுதல் அம்முறை. வரிசை நிலைத்துவிட்டால் பதற்றத்திலும் ஒன்று விடுபடாது. கேட்பவரும் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் ஐம்பது ‘அம்பது’ ஆகின்றது; எண்பது ‘எம்பது’ ஆகின்றது. இரைச்சலுக்கிடையே ‘நாடி எம்பது’ என்றது ‘அம்பது’ என்று காதில் விழுந்தால், இயல்பான நாடி குன்றிய நாடியாகிவிடும். ‘எட்டு, பூஜ்யம்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, அவ்வாறே திருப்பிக் கேட்பின் அப்பிழை நேராது. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொன்ன முறையும் இதுவே.

இனி எழுத்து. தமிழ் அளவை நூல்கள் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று பகுத்துப் பேசும். நேரே கண்டறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் சொல்லக் கேட்பது உரை. மருத்துவக் குறிப்பு எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. மேல்நாட்டில் லாரன்ஸ் வீட் என்னும் மருத்துவர் 1960களில் வகுத்த குறிப்பு முறையும், நோயாளி சொன்னதை ஓரிடத்திலும், மருத்துவர் கண்டதை ஓரிடத்திலும், கருதியதைப் பிறிதோரிடத்திலும் எழுதச் சொல்கின்றது.

இதனைக் கலந்துவிட்டால் நேரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சாலையோரம் ஒருவர் தள்ளாடி விழுந்து கிடக்கின்றார், பேச்சுக் குழறுகின்றது. ‘குடிபோதையில் இருந்தார்’ என்று எழுதினால் அது கருதல். எழுதிய அக்கணமே பார்ப்போர் கண்ணில் ஒரு திரை விழுந்துவிடும். ‘தெளியட்டும்’ என்று ஒரு மூலையில் கிடத்திவிடுவர். ‘நிற்க இயலவில்லை, பேச்சுக் குழறல், உடல் வியர்த்திருந்தது, மது வாடை இல்லை, இரத்தச் சர்க்கரை 42’ என்று எழுதினால் அது காண்டல். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் குடித்தவர் போலவே தோன்றும். அவருக்கு வேண்டியது குளுக்கோஸ். மது வாடை இருந்தாலுங்கூட, ‘மது வாடை வந்தது’ என்பதோடு நிறுத்துவதே முறை. குடித்தவருக்குத் தலையில் அடிபடாது என்ற விதி இல்லை.

காண்டலை எண்ணாக்கித் தந்த ஒரு கருவியையும் சொல்ல வேண்டும். ‘அரை நினைவு’, ‘பாதி மயக்கம்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவந்த காலத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் 1974இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இன்றைய வழக்கில் கண் திறத்தலுக்கு நான்கு, பேச்சுக்கு ஐந்து, உடலசைவுக்கு ஆறு என மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. விபத்து நடந்த இடத்தில் 4.10 மணிக்கு 14, மருத்துவமனை வாயிலில் 4.50 மணிக்கு 9 என்று குறித்திருந்தால், மண்டைக்குள் இரத்தம் கசிகின்றதோ என்று மருத்துவர் விரைவார். முதல் எண்ணை எழுதாவிடின், வரும்போதே இப்படித்தான் இருந்தார் என்று கொள்ள நேரும். ஓர் எண் நிலையைச் சொல்லும்; நேரத்தோடு கூடிய ஈரெண்கள் போக்கைச் சொல்லும்.

எழுதாதது செய்யப்படாததாகவே கொள்ளப்படும் என்பது மருத்துவப் பணியாளரிடையே வழங்கும் முதுமொழி. கொடுத்த மருந்து, அளவு, நேரம், அதன்பின் கண்ட மாற்றம் நான்கும் வேண்டும். பிழைபட எழுதினால் அழித்தெழுதக் கூடாது. ஒரு கோடிட்டுத் திருத்தி, சுருக்கொப்பமும் நேரமும் இட வேண்டும். மருத்துவமனைக்கு வர மறுத்தாரெனின், என்னென்ன எடுத்துச் சொல்லப்பட்டது, அவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும். அத்தாளில் உள்ளது பிறர் வாழ்வின் மறைபொருள். வீட்டிலும் நண்பர் குழுவிலும் பேசத்தக்கதன்று. விபத்தில் கிடப்பவரைப் படம் பிடித்துப் பரப்புவோர்க்கும் இதனைச் சொல்லி வைக்கின்றேன்.

இவ்வளவும் அவர்கள் கடமை. நம் கடமை யாது? நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர்; பெற்றோர் பலர் ஊரில் தனித்திருக்கின்றனர். ஊர்தி வந்து நிற்கும்போது விடை சொல்ல ஆளில்லாத வீடுகள் பெருகிவிட்டன. அவ்வீடுகளில் ஒரு தாள் விடை சொல்லட்டும். பெயர், வயது, உள்ள நோய்கள், உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, தேதியிட்டு, கதவருகே ஒட்டி வையுங்கள். ‘காலையில் ஒரு வெள்ளை மாத்திரை’ என்பது போதாது. குறிப்பாக, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தை மறவாமல் எழுதுங்கள். தலையடி, பக்கவாதம் இரண்டிலும் மருத்துவரின் முடிவையே அது மாற்றும். மருந்து மாறும்போது தாளும் மாற வேண்டும்.

நமக்கே உரிய ஒன்றும் உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்களும் நோன்பு நோற்பவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவருள் நீரிழிவுக்கு மருந்துண்போரும் உளர். ‘கடைசியாக உண்டது எப்போது?’ என்பது உதவியாளர் தவறாது கேட்கும் வினா. “இன்று நோன்பு, நேற்று மாலை ஐந்தரைக்கு உண்டார், மாத்திரை மட்டும் காலையில் போட்டுக்கொண்டார்” என்று தயங்காமல் சொல்லுங்கள். நோன்பின் சிறப்பு அதனால் குறையாது. உயிர் காக்கும் குறிப்பு கிடைக்கும்.

108ஐ அழைக்கும்போது மாவட்டமும் வட்டமும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘சித்தாமூர்’ என்று மட்டும் சொன்னால், நம் நெஞ்சில் தோன்றுவது விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர். செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒரு சித்தாமூர் உண்டு. ‘மேல்’ என்ற ஈரெழுத்தை விழுங்கினால் ஊர்தி வேறு திசை நோக்கக்கூடும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். சாலை விபத்தில் உதவப் போனால் வழக்கில் சிக்குவோமோ என்று அஞ்சவும் வேண்டா. உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்கின்றது.

நம் குடும்பத்து இளைஞர் சிலர் மருத்துவ உதவியாளர் பயிற்சியை மேற்கொள்ள வேண்டும் என்பதும் என் விருப்பம். அவர்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அச்சத்தில் இருக்கும் ஒருவர் தாய்மொழியில்தான் நோயைச் சொல்வார்.

விழா முடிந்து வீடு திரும்பியதும், இன்றிரவே, உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து, அவர் உண்ணும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாள் என்றும் பயன்படாமலே கிழிந்து போகட்டும் என்று வேண்டிக்கொள்கின்றேன்.