துப்பாக்கிக்கு ஓர் ஒப்பனை

மாதுங்காவில் நண்பர் ஒருவரின் புதல்வன் கணினித் திரையில் துப்பாக்கி ஒன்றுக்கு மயில் உருவம் தீட்டிக்கொண்டிருந்தான். “இதனால் குண்டு விரைந்து பாயுமோ?” என்று வினவினேன். “பாயாது மாமா, அழகுக்குத்தான்” என்றான்.

இணைய விளையாட்டுகளில் இத்தகைய மேற்பூச்சை ‘ஸ்கின்’ என்பர். ஆடுவோரே ஒப்பனைப் பொருள்களைப் படைத்தளிக்க வழி திறந்தவற்றுள் வால்வ் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. 2010-ஆம் ஆண்டு ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ விளையாட்டில் தொப்பியும் படைக்கலமும் படைத்தோருக்கு விற்பனையில் நூற்றுக்கு 25 பங்கு அளித்தது. முதல் இரு வாரங்களில் ஐவர் ஆளுக்கு 39,000 டாலருக்குக் குறையாமல் பெற்றனராம்!

பொருள் புகுந்த இடத்தில் களவும் புகும் அன்றோ? ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ விளையாட்டில் ஊளையிடும் விலங்கின் முகம் பொறித்த ‘ஹௌல்’ என்னும் பூச்சு, பிறர் ஓவியத்தைக் கவர்ந்தது என்று 2014-இல் முறையீடு எழுந்தது. நிறுவனம் அதனை அளித்தோரை விலக்கிற்று. ஓவியத்தைத் தானே மாற்றி வரைந்தது. புதிதாக வழங்குவதையும் நிறுத்திவிட்டது. விந்தை யாதெனில், அரும்பொருளாகிவிட்டபடியால் அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. ஏற்றத்தின் பயன் அதனைக் கையில் வைத்திருந்தோருக்கே போயிற்று.

இதைச் சொல்லி, “உன் மயில் யாருடையது?” என்றேன். “அம்மாவின் காஞ்சிப் பட்டு முந்தானையில் இருந்தது” என்றான். நெய்தவர் பெயரை அவன் அறியான், நானும் அறியேன்.