தண்டியடிகளும் நம் பிள்ளைகளும்

திருச்சிற்றம்பலம்.



தெப்பத் திருவிழாவாகிய இந்நன்னாளில் அம்மையப்பர் தெப்பத்தில் எழுந்தருளுதற்கு இன்னும் இரண்டு நாழிகைப் பொழுது இருக்கின்றது. பெரியோர் பலர் படித்துறையில் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் மடியிலும் தோளிலும் குழந்தைகள் இருக்கின்றனர். சிறுவர்க்கு நீரையும் நிலத்தையும் மரத்தையும் பேணக் கற்பிப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளார்கள். பொருள் குழந்தைகளைப் பற்றியதே ஆயினும், கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

இது பள்ளி ஆசிரியர்க்கு உரிய பொருளாயிற்றே என்றுதான் முதலில் எண்ணினோம். 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் பாடம் பள்ளிகளில் கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. அப்பாடத்தைப் பயின்ற பிள்ளைகள் பலர் இன்று தாமே பெற்றோராகி இங்கு வந்திருக்கின்றீர்கள். பாடம் இருக்கின்றது. குளம் எவ்வாறு இருக்கின்றது என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காற்று இப்பக்கம் திரும்பும்போது மூக்கே உரைக்கும்.

ஆகவே நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் செல்வோம். அவர் திருவாரூர்த் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே புறக்கண் இழந்தவர். அகக்கண்ணால் எம்பெருமான் திருவடியை அல்லாது வேறொன்றும் காணாதவர். திருவாரூர்க் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று வழிவழியாகச் சொல்லுவார்கள். ஐந்து வேலி இன்றைய அளவில் ஏறக்குறைய 33 ஏக்கர். ஆனால் நாயனார் காலத்தில் அக்குளம் அவ்வளவினதாக இல்லை. கரையைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கிவர, இடம் குறைந்து, நீர்ப்பரப்புச் சுருங்கியது. கண்ணுள்ளோர் எல்லாரும் அதைக் கண்டுகொண்டே நடந்தனர். காணாத ஒருவர்க்கே அது பொறுக்கவில்லை.

அவர் செய்ததைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் வைத்துள்ள முறை நுட்பமானது. குளத்தின் உள்ளே ஒரு தறி நட்டார். கரைமேல் ஒரு தறி நட்டார். இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார். மண்ணைத் தோண்டிக் கூடையில் இடுவார். கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டுவார். இவ்வளவே. எத்தனை நாள், எத்தனை கூடை என்ற கணக்கு இல்லை. ஒரு கூடை மண்ணால் ஒரு குளம் ஆழமாகிவிடுமா என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகவும் இல்லை.

அயலில் இருந்த வேற்றுச் சமயத்தார் வந்து, மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுத்தனர். இவ்விடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நம்மவர் பலர் அவ்வுரையை ஏளனம் செய்துவிடுகின்றனர். அது வேண்டா. சிற்றுயிர்க்கு இரங்குதல் நமக்கும் உரிய அறமே; எறும்புக்கு அரிசிமாக் கோலம் இடும் குலத்தில் வந்தவர்கள் நாம். குளம் தூர்ந்து போனால் மீனும் ஆமையும் கொக்கும் எங்கே செல்லும் என்பதும் உயிர்க்கிரக்கம்தானே என்று பிள்ளையிடம் கேட்டால், அதுவே விடை கண்டுவிடும். பின்னர் அவர்கள் தறியையும் கயிற்றையும் பறித்ததும், நாயனார் முறையிட்டதும், இறைவன் அவர் கனவிலும் சோழ மன்னன் கனவிலும் தோன்றியதும், நீரில் மூழ்கி எழுந்த அடிகள் கண் பெற்றதும், மன்னன் குளத்தையும் கரையையும் ஒழுங்குபெறச் செய்ததும் நீங்கள் அறிந்தனவே.

கதை சொல்லும் நாம் கண் பெற்ற அற்புதத்திலேயே நெடும்பொழுது நின்றுவிடுகின்றோம். குழந்தை அவ்விடத்தில் வாய் பிளந்து கேட்கும்; மறுநாள் மறந்துவிடும். கயிற்றையும் கூடையையும் மறவாது. உங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு குச்சிகளை நட்டு, இடையே கயிறு கட்டி, பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டி, ஒரு சிறு கூடை மணலைத் தந்து நடக்கச் சொல்லுங்கள். நாலு முறை நடந்தபின் அப்பிள்ளைக்குக் குளம் என்பது புத்தகத்துப் படமாக இராது.

அடுத்துக் கிணற்றைக் காட்ட வேண்டும். "நிலத்தடி நீர்" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் விளங்குமா? மாட வீதிக் கிணறு ஒன்றிற்கு அழைத்துச் செல்லுங்கள். குளம் நிறைந்திருக்கும்போது ஒரு நாளும், வற்றியிருக்கும்போது ஒரு நாளும் எட்டிப் பார்க்கச் செய்யுங்கள். குளத்து நீர் அடிமண் வழியே ஊறிக் கிணற்றிற்கு வருவதைத் தானே கண்டுகொள்ளும். அடியில் பாலித்தீன் பைகள் படிந்து மூடிக்கொண்டால் அவ்வூற்று அடைபடும். விளக்கு எண்ணெய் மேலே ஏடாகப் படர்ந்தால் காற்று நீரில் கலவாது, மீன் மூச்சு முட்டிச் சாகும். வரத்து வாய்க்கால் அடைபட்டாலோ மழை பெய்தும் குளம் வறண்டு கிடக்கும். இவற்றைக் கண்ணால் காட்டலாம்; சொற்பொழிவு வேண்டா.

தலமரமும் இவ்வாறே. தில்லை மரத்தால் பெயர் பெற்ற தில்லையில் இன்று அக்காடு இல்லை. அம்மரத்தைக் காணப் பிச்சாவரத்துக் கழிநிலத்திற்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. நம் தலமரம் இன்னது என்று இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்லுவார்கள்? கேட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டுக்கொள்வது நன்று.

திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் உழவாரம் ஏந்தியதைச் சிலையில் காண்கின்றோம். புல் செதுக்கும் கருவி அது. திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் இறைவன் பொன்னும் நவமணியும் தோன்றச் செய்தான். அப்பர் பெருமான் அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். பொன்னை அவர் எறிந்தார். நாம் குப்பையை எறிகின்றோம். இரண்டும் எறிதல்தாமே என்று ஒரு குறும்புக்காரர் நம்மிடம் கேட்டதுண்டு. சிரித்துவிட்டோம். பிறகுதான் சிரிப்பு நின்றது. ஏன் என்று சொல்லுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்த் திருவிழாவில் இதே தண்டியடிகள் வரலாற்றை விரித்துரைத்தோம். 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தும், நமக்கு இட்ட மாலையை யாரோ பாலித்தீன் பையில் இட்டுத் தந்தார்கள். விடியலில் கால் கழுவக் குளத்தில் இறங்கினோம். இறைவனுக்குச் சாத்திய மாலையை நீரில் விடும் பழக்கம் பற்றி, பையோடு மாலையை நீரில் விட்டோம். கை தானாகச் செய்தது. முந்திய இரவு முன்வரிசையில் இருந்து கதை கேட்ட ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் மேற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் கேட்டது இது: "தாத்தா, இதை எடுக்க அந்தக் கண்ணு தெரியாத தாத்தா திரும்பவும் வருவாரா?"

நாற்பது ஆண்டு மேடையேறிய நமக்கு விடை வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். பாசி வழுக்கியது, முழங்கால் நீரில் நின்று கையை நீட்டினால் பை எட்டவில்லை. அப்பிள்ளை இரண்டு படி இறங்கி வந்து, நம் மேலாடையின் ஒரு முனையை இறுகப் பற்றிக்கொண்டு, "இப்போ போங்க தாத்தா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றான். பையை எடுத்தோம். அருகே மிதந்த வேறு இரண்டையும் அவன் கைகாட்டினான், அவற்றையும் எடுத்தோம்.

மேளம் கேட்கின்றது, சுவாமி புறப்பட்டுவிட்டார். கற்பூரம் வந்த உறையையும் பூ வந்த பையையும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தெப்பம் மூன்று சுற்று வந்தபின் கீழைப் படித்துறையில் கூடை வைக்கப்பட்டிருக்கும். அதில் இடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.