அஸ்திவாரத்திலேயே கேளுங்கள்



விதி மீறி எழுந்த கட்டடங்களை இடிப்பதா, அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா என்பதைப் பற்றி நான் பேச வேண்டுமென்று பணித்திருக்கிறீர்கள். என் அபிப்பிராயத்தில், அந்தக் கேள்வி பிறக்கும்போதே நிர்வாகம் தோற்றுவிட்டது.

தியாகராய நகர்க் கடைவீதிகளில் ஒரு நாள் அண்ணாந்து பார்த்தபடி நடந்து போங்கள். வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடமென்று காட்டிய தரைத்தளத்தில் வியாபாரம் நடக்கும். தீயணைப்பு வண்டி நுழைவதற்காக விட வேண்டிய பக்கவாட்டு இடத்தில் ஜெனரேட்டரும் அட்டைப்பெட்டிகளும் அடைந்து கிடக்கும். மொட்டை மாடிக்கு மேலே தகரம் வேய்ந்த ஒரு முழுத் தளம், தான் மாடியே அல்ல, வெறும் நிழற்பந்தல்தான் என்று சாதிக்கும்.

சட்டம் இல்லாமலா இது நடக்கிறது? வேலையை நிறுத்தவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும், மீறிய பகுதியை அகற்றவும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-ஆம் பிரிவுகளில் தாராளமாகவே அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் நோட்டீஸ் கிடைத்தவுடன் அரசாங்கத்துக்கு மேல்முறையீடு, அது தீருமுன் நீதிமன்றத் தடையுத்தரவு என்று வருஷங்கள் நகர நகர, ஈரச் சிமெண்டைப் போல மீறலும் இறுகிப்போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் வரன்முறை. 1999 பிப்ரவரி 28-க்கு முன் எழுந்தவற்றைக் கட்டணம் பெற்று ஏற்பதற்காக அதே சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு வந்தது. ஒரே ஒரு முறை செய்யும் சலுகை என்பதாலேயே உச்ச நீதிமன்றம் 2000-இல் அதற்கு இடம் கொடுத்தது. அந்த ஒரே முறை, ஆண்டுக்கொரு திருத்தமாக 2002 வரை நீண்டதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2006-இல் அந்த நீட்டிப்புகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. அத்தோடு முடிந்ததா? 2012-இல் 113-சி பிறந்தது. கெடு 2007 ஜூலைக்கு வந்து சேர்ந்தது! விதிப்படி இடம் விட்டு, ஓர் அறையைக் குறைத்துக்கொண்டு வீடு கட்டிய சாமானியன் இதையெல்லாம் பார்த்து என்ன நினைப்பான்? நாமும் கட்டியிருக்கலாமே என்றல்லவா!

பணி முடிப்புச் சான்றைக் காட்டிய பிறகே மின்சாரமும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது நல்ல காரியம். ஆயினும் அது கடைசி வாசலில் நிற்கும் காவல். கடைக்கால் தோண்டும்போதே அளவு நாடாவோடு வந்து நிற்கும் ஓர் அதிகாரி, பிற்காலத்தில் ஜே.சி.பி.யோடு வரும் பத்து அதிகாரிகளின் வேலையைக் குறைத்துவிடுவார்.

ஆகவே மாநகராட்சியாரை வேண்டிக்கொள்கிறேன்: அனுமதித்த வரைபடத்தை, மாடி எத்தனை, சுற்றிலும் விட வேண்டிய இடம் எவ்வளவு என்று யாவருக்கும் விளங்கும் தமிழில் பெரிதாக எழுதி, கட்டும் இடத்தின் வாசலிலேயே மாட்டச் செய்யுங்கள். அண்டை வீட்டாராகிய நீங்களும் கான்கிரீட் போடுவதற்கு முன்னரே போய் அதைப் படித்துப் பாருங்கள். மாறுபாடு கண்டால் அன்றைக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.