நிலம் அறிந்து பொறி தேர்தல்

புல் வெட்டுவதும் ஒரு பேச்சுக்குரிய பொருளாகுமோ என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். முற்றத்துப் புல்லை மண்வெட்டியாற் செருக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் நமக்கு அது சிறு காரியமே. ஆனால், வட அமெரிக்காவின் நாட்டுப்புறங்களிலே வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று பரந்து கிடக்கும் புற்றரைகள் பல உள. ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கிலே 16 பரப்பு. ஐந்து ஏக்கர் எனில் 80 பரப்பு. புல் விரைந்து வளரும் மாதங்களிலே வாரந்தோறும் 80 பரப்பையும் வெட்டித் தீரவேண்டிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் புல்வெட்டும் பொறி ஆடம்பரமன்று; உழவனுக்கு ஏர் எப்படியோ, அப்படி. நம் உறவினர் பலர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்ற இக்காலத்தில் இது நமக்கு முற்றிலும் அந்நியமான விடயமும் அன்று.

புல்வெட்டும் பொறி இங்கிலாந்திலே பிறந்தது. எட்வின் பட்டிங் என்பவர், நெசவாலையிலே கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை ஒரு சீராகக் கத்தரிக்கும் கருவியைக் கண்டு, அதே முறையாற் புல்லையும் கத்தரிக்கலாம் எனக் கருதி, 1830ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அது மனிதன் பின்னால் நின்று தள்ளிச் செல்லும் பொறி. பிற்காலத்திலே மனிதன் ஏறி அமர்ந்து செலுத்தும் பொறிகள் தோன்றின. 1960களின் முற்பகுதியிலே, ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், மவுண்ட்றிட்ஜ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜோன் ரெகியர் என்பவர், நின்ற இடத்திலேயே திரும்பவல்ல ஒரு புல்வெட்டியை ஆக்கினார். இன்று ‘சீரோ டேர்ன்’ என வழங்கும் பொறிகளுக்கு வழிவகுத்தோருள் அவரும் ஒருவர். கன்சாஸ் பெரும்பாலும் சமவெளி நாடு என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இதன் பொருத்தம் பின்னர் விளங்கும்.

இப்பொறி எவ்வாறு திரும்புகின்றது? ஏர் பூட்டிய உழவன் வயலின் அந்தத்திலே எருதுகளைத் திருப்பும் விதத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். உட்புறத்து எருது நின்ற நிலையிலே காலை மாற்றி வைக்க, வெளிப்புறத்து எருது அதனைச் சுற்றி வரும். சீரோ டேர்ன் பொறியிலும் பின்புறச் சில்லுகள் இரண்டும் அவ்வாறே தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொரு சில்லுக்கும் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தனிப் பம்பியும் மோட்டாரும் உண்டு. செலுத்துபவரின் இரு கைகளிலும் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இரண்டையும் முன்னே தள்ளினாற் பொறி நேரே செல்லும். ஒன்றை முன்னும் மற்றையதைப் பின்னும் அசைத்தால், ஒரு சில்லு முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் உருள, பொறி நின்ற இடத்திலேயே சுழலும். முன்புறச் சில்லுகளோ, அலுவலக நாற்காலியின் காலடியிலுள்ள சில்லுகளைப் போல, இழுத்த பக்கமெல்லாம் திரும்புவன. அவற்றுக்கென்று ஒரு திசையுமில்லை, பிடியுமில்லை.

மரங்களும் பூம்பாத்திகளும் நிறைந்த காணியிலே இதன் பயன் பெரிது. உழவு இயந்திரத்தின் சாயலிலே அமைந்த புல்வெட்டி, மரத்தைச் சுற்றி வரும்போது ஒரு வளையம் புல்லை வெட்டாமல் விட்டுச் செல்லும். பின்னர் அதனைத் தனியே வெட்டவேண்டும். சீரோ டேர்ன் பொறி மரத்தின் அடியை ஒட்டியே சுற்றி வந்துவிடும்.

இனி, வாங்க முனைவோர் முதலிற் கேட்கும் கேள்வி அகலத்தைப் பற்றியதாகும். வெட்டலகுகளை மூடியிருக்கும் உருக்குத் தட்டின் அகலம் 42 அங்குலம், 54 அங்குலம், 60 அங்குலம் எனப் பலவாறாக உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 அங்குலம் என்பது ஐந்து அடி. மணிக்கு 6 மைல் வேகத்திற் சென்றால், ஒரு மணி நேரத்தில் 31,680 அடி செல்லலாம். ஐந்தாற் பெருக்கினால் 1,58,400 சதுர அடி, அதாவது 3.6 ஏக்கர். திரும்புவதற்கும், வெட்டிய வரியின்மேற் சிறிது படிந்து செல்வதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், ஏறக்குறைய மூன்று ஏக்கர் தேறும். 42 அங்குலப் பொறியை மணிக்கு 4 மைல் வேகத்திற் செலுத்தினால், அதே கணக்கின்படி ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல்.

இக்கணக்கைக் கண்டவுடன் அகன்ற பொறியே சிறந்தது என முடிவு செய்துவிடலாகாது. காணியின் படலை நான்கு அடி அகலமாயின், ஐந்தடிப் பொறி வெளியே நிற்கும். நிலம் மேடும் பள்ளமுமாயின், அகன்ற தட்டு மேட்டை மொட்டையடித்துப் பள்ளத்தைத் தாண்டிச் செல்லும். மேலும், கரடுமுரடான நிலத்திலே மணிக்கு 6 மைல் வேகத்தில் எவரும் நெடுநேரம் அமர்ந்திருக்க முடியாது.

இரண்டாவதாக, கட்டமைப்பைப் பார்க்கவேண்டும். ஒரே தகட்டை அச்சில் அழுத்தி வடித்த தட்டு விலை குறைந்தது. தடித்த உருக்குத் தகடுகளை ஒட்டிணைத்துச் செய்த தட்டு நீண்ட காலம் உழைக்கும். சில்லுகளை இயக்கும் எண்ணெய்ப் பகுதியிலும் இரு வகையுண்டு. சிலவற்றின் எண்ணெயையும் வடியையும் உரிய காலத்தில் மாற்றலாம். வேறு சில, பழுதுபட்டால் முழுதாக மாற்றப்படவேண்டியவை. மின்கலத்தால் இயங்கும் பொறிகளும் இந்நாளில் விற்பனைக்கு உள. அவை பெற்றோல் வேண்டா, இரைச்சலும் குறைவு. ஆனால், ஒருமுறை மின்னேற்றினால் உங்கள் காணி முழுவதும் வெட்டி முடியுமா என்பதை வாங்குமுன்பே உறுதிசெய்தல் வேண்டும்.

நேயர்களே, இதுவரை கூறியவை பணத்தையும் நேரத்தையும் பற்றியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது.

இப்பொறியைச் செலுத்துவதும், திருப்புவதும், நிறுத்துவதும் பின்சில்லுகள் இரண்டே என்று கண்டோம். நனைந்த புல்லுள்ள சரிவிலே அச்சில்லுகள் பிடி இழந்து சறுக்கினால், மூன்று ஆற்றல்களும் ஒருங்கே போய்விடும். பிறேக்கை அழுத்தியும் பயனில்லை. பூட்டிய சில்லும் சறுக்கவே செய்யும். முன்சில்லுகளோ சரிவு காட்டும் வழியே திரும்பிவிடும். சரிவின் அடியிலே குளமோ, வாய்க்காலோ, கல்லணையோ இருந்தால் நிகழ்வது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரிய வகைப் பொறிகள் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் நிறையுடையவை. கவிழ்ந்த பொறியின் கீழ் அகப்பட்டவர் தாமாக மீள்வது அரிது. சமவெளியிலே பிறந்த பொறியைச் சரிவிலே ஏற்றுவதால் வரும் கேடு இது.

ஆகவே, எத்தனை குதிரைவலு என்று கேட்குமுன் எத்தனை பாகைச் சரிவு என்று கேட்கவேண்டும். இத்தகைய பொறிகளின் கைந்நூல்கள் பலவற்றில் 15 பாகையே மேலெல்லையாகக் கூறப்படுகின்றது. சிலவற்றுக்கு 10 பாகைதான். உங்கள் காணியின் சரிவை நீங்களே அளக்கலாம். நான்கு அடி நீளமுள்ள நேரான பலகையொன்றின் மேல் நுனியைச் சரிவின் நிலத்தில் ஊன்றுங்கள். அதன்மீது இரசமட்டத்தை வைத்து, பலகை மட்டமாகும்வரை கீழ் நுனியை உயர்த்துங்கள். இப்போது கீழ் நுனிக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள உயரத்தை அளவுங்கள். அது 13 அங்குலத்தை எட்டினால் அச்சரிவு 15 பாகையைத் தாண்டிவிட்டது. எட்டரை அங்குலமாயின் 10 பாகை. மிகச் செங்குத்தான இடத்தையே அளக்கவேண்டும், சராசரி பார்த்தலாகாது. பொறி கவிழ்வதற்கு ஓரிடமே போதும்.

எல்லையைத் தாண்டிய சரிவு உங்கள் காணியிலிருந்தால், அவ்விடத்தை ஏறி அமர்ந்து வெட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நடந்து சென்று கையாளும் கருவியால் வெட்டலாம். அல்லது புல்லை அகற்றிப் பற்றைச் செடிகளையும் மரங்களையும் நட்டு, வெட்டும் வேலையையே ஒழித்துவிடலாம். எல்லைக்குட்பட்ட மென்சரிவு மிகுந்த காணிக்கு, முன்சில்லுகளையும் சுக்கான் வளையத்தோடு இணைத்துத் திருப்பும் வகை பொருந்தும். அதற்கும் எல்லை எல்லையே.

வாங்கும் பொறியில், செலுத்துபவரின் தலைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் உருக்குக் காப்பு வளைவும், இருக்கைப் பட்டியும் உண்டா எனப் பாருங்கள். இவை இரண்டும் சேர்ந்தே காக்கும். வளைவு நிமிர்ந்து நிற்கும்போது பட்டி கட்டியிருக்கவேண்டும். தாழ்ந்த கிளையின்கீழ்ச் செல்வதற்காக வளைவை மடக்கினால், அப்போது பட்டியையும் அவிழ்த்துவிடவேண்டும்; கிளையைக் கடந்ததும் இரண்டையும் முன்போல் ஆக்கவேண்டும்.

இன்னுமொன்று. வெட்டலகின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வரை செல்லலாம் என்பது அமெரிக்கத் தரவிதி. மணிக்கு 200 மைலுக்கும் மேற்பட்ட வேகம். அவ்வேகத்தில் எறியப்படும் கல் எத்தகையது என்பதை நினைத்துப் பாருங்கள். பொறி இயங்கும் வேளையிற் குழந்தைகள் வீட்டினுள்ளே, பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் இருக்கவேண்டும். அன்பு மிகுதியாற் குழந்தையை மடியில் இருத்தி ஒரு சுற்று வருவோரும் உளர். ஒருமுறை ஏறிய குழந்தை, பொறியின் ஓசை கேட்டவுடன் மறுமுறை தானே ஓடி வரும். பின்னோக்கி வரும் பொறிக்கு அது தெரியாது.

எனவே, கடைக்குச் செல்லுமுன் காணியை ஒருமுறை நடந்து பாருங்கள். படலையின் அகலம், மரங்களின் எண்ணிக்கை, சரிவின் அளவு, நீர்நிலையின் இடம் ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். அத்தாளை விற்பனையாளரிடம் காட்டி, பொறியை உங்கள் நிலத்திலேயே ஓட்டிப் பார்க்க இடந்தருமாறு கேளுங்கள். விலையைப் பற்றிய பேச்சு அதன் பின்னர் தொடங்கட்டும்.