லயத்துச் சண்டையும் சமரசக் குழுவின் கணக்கும்

(தோட்டக் கிளைகளின் பொதுக்கூட்டத்தில் சமரசக் குழு சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் தோட்டத்துச் சமரசக் குழு என்ன செய்கிறது, காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பலர் கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறோம்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். கொழுந்தெடுக்கும் பெண்கள் ஐந்து பேர், ஸ்டோரில் வேலை செய்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர், இளைஞர் இரண்டு பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் கூடுவோம். பீலித் தண்ணீர்ச் சண்டை, மரக்கறித் தோட்டத்து எல்லை, கைமாற்றுக் கடன், பொடியன்களின் அடிபிடி, இவைதான் எங்களிடம் வருகின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறோம். மேல் லயத்துப் பதினேழு வயதுப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டு அம்மா மகளின் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த 12,000 ரூபாயை எடுத்துவிட்டான். பொலிஸுக்குப் போக எல்லோரும் கிளம்பினார்கள். அந்த அம்மாதான், “முதல்ல அவன என் முன்னால உக்காரச் சொல்லுங்க” என்றார்.

உட்கார வைத்தோம். பையன், அவன் தாய், மாமன், அந்த அம்மா, அவர் மகள். யார் குற்றவாளி என்று நாங்கள் விசாரிக்கவில்லை, அவனே ஒத்துக்கொண்டான். நாங்கள் கேட்டது மூன்றே கேள்வி. என்ன நடந்தது? யாருக்கு என்ன நட்டம்? அதை எப்படிச் சரிசெய்வது? அந்த அம்மா காசைப் பற்றி முதலில் பேசவே இல்லை. “இதே பிள்ளைக்காம்பராவுல ஒன்ன தூக்கி வளத்தவ நான். என் வீட்டுலயே கை வச்சிட்டியேடா” என்றார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அப்போதுதான் அழுதான்.

ஞாயிறு காலைகளில் தோட்டத்துக்கு வெளியே மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்து, வாரம் 1,500 ரூபாய் வீதம் எட்டு வாரத்தில் முழுக் காசையும் கொடுத்தான். கடைசித் தவணை வாங்கிய அன்று, அந்த அம்மா பீலியடியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: “இனிமே இவன யாரும் கள்ளன்னு சொல்லக் கூடாது.” பொலிஸுக்குப் போயிருந்தால் வழக்கு நடந்திருக்கலாம். இந்த வார்த்தை கிடைத்திருக்காது.

தோழர்களே, இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நாடெங்கும் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. நம் ஆட்கள் இணக்க சபை என்று சொல்வார்கள். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, செலவும் மிகக் குறைவு. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒத்துவராவிட்டால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். எங்களிடம் தீராத பிணக்கை அங்கே கூட்டிப்போகிறோம். எங்கள் குழுவுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில், புருஷன் அடித்த ஒரு பெண்ணை நாங்கள் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பினோம். “குடும்பம் உடையக் கூடாது” என்றோம். இரண்டு கிழமையில் அவள் கை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம், ஆனால் அந்தக் கை எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து வீட்டு வன்முறையையும், பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமையையும் நாங்கள் சமரசத்துக்கு எடுப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. கூடப் போவது மட்டுமே எங்கள் வேலை.

இனி கணக்கு. குடும்பத்துக்கு மாதம் 30 ரூபாய். கொடுக்க முடியாதவர் கொடுக்கத் தேவையில்லை, அவருடைய பிணக்கையும் எடுப்போம். போன வருடம் வரவு 21,600 ரூபாய். செலவில், மத்தியஸ்த சபைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன பஸ் காசு 8,450. தேத்தண்ணி, பிஸ்கட் 4,900. கொப்பி, போட்டோகொப்பி 2,350. மொத்தம் 15,700. கையிருப்பு 5,900. பற்றுச்சீட்டுகள் இந்த மேசையில் இருக்கின்றன, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

முன்பு வெளியார் நிறுவனம் ஒன்று பயிற்சியும் போக்குவரத்துக் காசும் தந்தது. நல்ல பயிற்சிதான். திட்டக் காலம் முடிந்ததும் காசு நின்றது, குழுவில் பாதிப் பேரும் நின்றுவிட்டார்கள். பிறகு தோட்ட நிர்வாகம் உதவித்தொகை தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றோம். துரையின் காசில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நாளைக்கு ஒரு தொழிலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பிணக்கு வந்தால் நடுவில் எப்படி உட்காருவது? சம்பளம், அரைப்பேர், வேலை நிறுத்தம் போன்றவை சங்கம் பேச வேண்டியவை. அவற்றை நாங்கள் தொடுவதே இல்லை.

இப்போது சங்கம் மாதாமாதம் பணம் தரலாம் என்று தலைவர் அன்போடு சொல்லியிருக்கிறார். நன்றி. ஆனாலும் வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தோம். ஒரே லயத்தில் மூன்று சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சங்கத்தின் காசை வாங்கினால் மற்றவர் எங்கள் இஸ்தோப்புப் பக்கமே வரமாட்டார்.

அதற்குப் பதிலாக இரண்டு உதவி கேட்கிறோம். ஒன்று, பிணக்கு வந்தால் “அவன் எந்தச் சங்கம்?” என்று எந்தத் தலைவரும் கேட்க வேண்டாம். இரண்டு, குழுவில் உட்கார இன்னும் நாலு பேர் வேண்டும். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு, கிடைக்கும் ஒரு ஞாயிறையும் அடுத்தவர் சண்டைக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை, தெரியும். காசைவிட அதுதான் எங்களுக்குத் தட்டுப்பாடு.

வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் இருப்போம். வாருங்கள்.